சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று சொல்லியே வளர்த்துவிட்டு, அப்புறம் 'மனசில் இருந்ததை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?' என்று கேட்கிறோம். மனசு சரியில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் சொன்னது மறுநாளே சொந்தக்காரர்கள் வாயில் இருக்கும். தங்கையின் கல்யாணப் பேச்சு வரை போய் நிற்கும். அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தருகிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? ரேஷன் கடை, பேருந்து நிலையம், முக்கியமாக ஆண்கள் விடுதிகளில் அந்த எண்ணையும் 'ரகசியம் காக்கப்படும்' என்ற வரியையும் அரசு பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்