டிஸ்சார்ஜ் அன்று ஒன்றும் சொல்லாமல் அனுப்பியது பற்றிப் புகார்

பெறுநர்: மருத்துவமனை மேலாளர் அவர்கள், மதுரை

ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்கு உங்களிடம்தான் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆபரேஷனில் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பிய விதம்தான் புகார். நான்கு முறை போன் செய்துவிட்டேன், இரண்டு முறை நேரில் வந்துவிட்டேன். "எழுதிக் கொடுங்க" என்றார்கள், எழுதுகிறேன்.

காலையில் போகலாம் என்றீர்கள், பில் முடிய மாலை ஐந்து. அப்புறம் நர்ஸ் வந்து ஃபைலைக் கட்டில் மேல் வைத்தார். வயிற்றில் போடும் ஊசி இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன். "எல்லாம் சம்மரில இருக்கு. கீழே வீல்சேர் நிக்குது, கிளம்புங்க." அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது சிகிச்சை விவரமும் மருந்துக் குறிப்பும் உள்ள தாள், முழுக்க ஆங்கிலம். உங்கள் மருந்தகம் கொடுத்தது ஐந்து ஊசி. ஐந்தோடு முடிந்தது என்று நிறுத்திவிட்டோம். பதினான்கு நாள் போட வேண்டுமாம், ரத்தம் உறையாமல் இருக்க!

எட்டாம் நாள் கெண்டைக்கால் வீங்கியது. போனை எடுத்த பெண், "சம்மரியைப் படிக்கத் தெரியாதா சார் உங்களுக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டார். எங்கள் ஊர் கம்பத்திலிருந்து கார் பிடித்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை, ஓ.பி. கிடையாது. வாசலில் காரிலேயே அம்மா ஒன்றரை மணி நேரம் காலை நீட்டியபடி அழுதார். வெளியே ஸ்கேன் எடுத்தோம், நல்லவேளை ரத்தக்கட்டு அடைப்பு இல்லை. இருந்திருந்தால்?

தலையணையைச் சொல்ல மறந்துவிட்டேன். வலிக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் வைத்தே படுத்திருந்தார். அப்படி வைத்தால் கால் நீட்ட வராது, குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று தையல் கிளிப் எடுக்க வந்த அன்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். இந்த ஒரு வரியைச் சொல்ல நர்ஸுக்கு நேரமில்லையா? அம்மாவின் காலையே கெடுத்துவிட்டீர்கள். என் பிழைப்பும் போயிற்று.

டிஸ்சார்ஜ் அன்று என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாததா? வரவேற்பறையில் என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தரச் சான்றிதழ் மாட்டியிருக்கிறீர்களே, புரியும்படி சொல்லி அனுப்பச் சொல்வது அவர்களும்தானே.

தயவுசெய்து காருக்கும் ஸ்கேனுக்கும் ஆன பணத்தைக் கொடுங்கள். தமிழில் ஒரு தாள் அச்சடித்து, நர்ஸ் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். போனில் அப்படிப் பேசிய பெண் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். பில், சம்மரி, ஸ்கேன் எல்லாம் கையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
நோயாளியின் மகன், கம்பம்