பேரிஜம் பார்க்கப் போற அக்காவுக்கு

அக்கா,

பிள்ளைக லீவுக்கு கொடைக்கானல் போறோம்னு நீ சொன்னதுல இருந்து இத எழுதணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. டவுன் ஏரியில போட்டிங் போங்க, பிள்ளைக சுத்தி சைக்கிள் ஓட்டட்டும், மதுரை கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியால 1863ல உருவான ஏரி அது, அழகுதான், நான் இல்லைங்கல. ஆனா ஒரு நாள பேரிஜத்துக்குன்னு தனியா ஒதுக்கி வையிக்கா. நம்ம பெரியகுளத்துக்கு குடிதண்ணி குடுக்கிற ஏரி அது. நீ வளர்ந்ததே அந்தத் தண்ணியிலதான்.

டவுன்ல இருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்கும், மோயர் பாயிண்ட் பக்கத்துல காட்டுக்குள்ள பிரியற ரோடு. பாரஸ்ட் பெர்மிஷன் இல்லாம விட மாட்டாங்க, ஒரு நாளைக்கு இத்தன வண்டின்னு கணக்கு இருக்கு, யானை நடமாட்டம் இருந்துச்சுன்னா மொத்தமா மூடிருவாங்க. அப்படி மூடுனா மாமாவ கோவப்பட வேணாம்னு சொல்லு, மறுநாள் போய்க்கலாம்.

போற வழியில பைன் மரத்த பார்த்து எல்லாரும் வண்டிய நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. எடுத்துக்கோங்க. ஆனா அது மனுசன் கொண்டாந்து நட்ட காடுன்னு பிள்ளைகளுக்கு சொல்லு. பைன், தைலமரம், தோல் பதனிட பட்டை வேணும்னு வச்ச வாட்டில், இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இந்த மலை முழுக்க புல்வெளியும் மடிப்புக்கு மடிப்பு சோலையும்தான். மதிகெட்டான் சோலைய தாண்டும்போது பிள்ளைகளுக்கு அத காமி, பாசி புடிச்ச குட்டை மரம், அடியில பெரணி, எப்பவும் ஒரு ஈரம். அந்தப் புல்லும் சோலையும்தான் மழைய பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கிட்டு மழையே இல்லாத மாசத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடுது, அந்த ஓடைக சேர்ற இடம்தான் ஏரி, கீழ நம்ம வீட்டு குழாய் வரைக்கும் அந்தத் தொடர்ச்சி அறாம வருது. சோலை போச்சுன்னா ஏரிய எவ்வளவு தூர்வாரி என்ன பிரயோஜனம் சொல்லு!

பேரிஜத்துல ஒரு பழைய ஏரி இருந்து வத்திப்போன தடம் தெரியுதுன்னு 1860கள்லயே டக்ளஸ் ஹாமில்டன்னு ஒரு ராணுவ அதிகாரி குறிச்சு வச்சிருக்காரு. இன்னிக்கு இருக்கிறது அதுக்கப்புறம் அணை கட்டி தேக்குனது.

தண்ணியில இறங்கக் கூடாது, கடை கண்ணிய நம்பிப் போகாதீங்க, அதனால சாப்பாட எவர்சில்வர் டிபன்ல கட்டிக்கோ, தண்ணிக்கும் வீட்டு பாட்டிலே எடுத்துக்கோ. அஞ்சு லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு கொடைக்கானல்ல தடை இருக்கு, ஆனா நான் கேக்குறது அபராதத்துக்கு பயந்து இல்ல. மேல ஒருத்தர் வீசுற சிப்ஸ் கவர் ஓடையில உருண்டு கீழ ஊருக்கு வர்ற தண்ணியில சேருது, எனக்கு அத நினைச்சாலே வயிறு எரியுது. பிள்ளைகளுக்கு நீ சொன்னா கேப்பாங்க.

2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் கட்டாயம், மாமாவ முன்னாடியே போட்டுற சொல்லு. ஸ்வெட்டர் ஆளுக்கு ஒண்ணு மறக்காத. மலை இறங்கி காட்ரோடு ஜங்ஷன் வந்ததும் நேரா ஊருக்குப் போயிராதீங்க, பெரியகுளம் பக்கம் வண்டிய திருப்புங்க, மாம்பழ சீசன், அம்மா உங்களுக்குன்னு எடுத்து வைக்கும்.

உன் தம்பி