கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணம்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். பொங்கலுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை காலை 5 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து வேனில் புறப்பட்டு, மரக்காணம், புதுச்சேரி வழியாகப் பிச்சாவரம் செல்ல உள்ளோம். முட்டுக்காடும் மாமல்லபுரமும் அனைவரும் பார்த்த இடங்கள் என்பதாலும், விடுமுறை நாள் நெரிசலாலும் அங்கு நிறுத்தப் போவதில்லை.

இப்பயணத்தின் முதன்மையான இடம் மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஏரியாகும். வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் நிறைந்து, கோடை நெருங்க நெருங்க உவர்ப்பேறும் இந்த ஏரி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் வாய்ப்பிருந்தால் பூநாரைகளும் தென்படும் பருவம் இது என்பதால், இங்கு அவசரமின்றி நேரம் செலவிடுவோம். பைனாகுலர் வைத்திருப்போர் கொண்டு வரவும்; பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்க்கவும். சாலையோர உப்பளங்களில் பாத்திகளுக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

புதுச்சேரியில் மதிய உணவு மட்டுமே. பிற்பகலில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விரிந்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் செல்வோம். சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் தாங்கு வேர்களை நெருங்கிப் பார்க்கத் துடுப்புப் படகே ஏற்றது என்பது என் கருத்து. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையக்கூடும் என்பதால், குழந்தைகள் கிளைகளை ஒடிக்காமல் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழியில் எந்த இடத்திலும் கடலில் குளிக்க அனுமதியில்லை. வர விரும்புவோர் புதன்கிழமைக்குள் இக்குழுவிலேயே பெயரைப் பதிவு செய்யவும்.