மூச்சு எப்படி உள்ளே வருகிறது? உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்குப் படம் வரைகிறவர்களுக்கும், வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

செவிலியர் படிப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். உங்கள் நூல்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள்தான் என் மாணவர்கள். உறுப்புகளின் பெயர்களை அடி பிசகாமல் சொல்வார்கள். படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பார்கள். அந்த உறுப்பு எதனால் அப்படி இயங்குகிறது என்று கேட்டால்தான் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். அது மார்பெலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் நடுவே இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம் அமைந்திருக்கிறது. துடிப்பு அந்தப் பக்கம் கைக்குத் தட்டுப்படுவதால் முழு இதயமும் அங்கேதான் என்று தோன்றிவிடுகிறது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். இதயம் நின்று ஒருவர் சாய்ந்துவிட்டால், மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்த வேண்டும். வயது வந்தவர் என்றால் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பயிற்சிப் பொம்மையின் முன் மண்டியிட்டதும் மாணவர்களின் கை தானாக இடப்பக்கம் நழுவுகிறது. அந்தக் கையை நடுவுக்குக் கொண்டுவரவே எனக்குப் பாதி வகுப்பு போய்விடுகிறது.

சிரைகளை நீலத்திலும் தமனிகளைச் சிவப்பிலும் வரைவது வசதிதான்; வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறம் வெறும் அடையாளம் என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? மனித இரத்தம் உடலுக்குள் எங்கேயும் நீலமாக ஓடுவதில்லை. உடலைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில்கூட, ஓய்வு நிலையில், ஹீமோகுளோபின் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 75 சதவீதம் ஆக்சிஜனை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. அது கருஞ்சிவப்பு. பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். அதே நீலமும் சிவப்பும் இன்னொரு குழப்பத்தையும் விதைக்கின்றன: தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் என்று மனப்பாடம் செய்தவர்கள், ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியைக் கண்டதும் தடுமாறுகிறார்கள். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குள் வருவது சிரை. இப்படி விலக்கில்லாத விதி கையில் இருக்கும்போது, விலக்குள்ள விதியை ஏன் முதலில் கற்பிக்க வேண்டும்?

நாக்கின் நுனியில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படத்தை இனியாவது எடுத்துவிடுங்கள். 1901இல் ஜெர்மனியில் ஹேனிக் என்ற ஆய்வாளர் கண்டது இடத்துக்கு இடம் இருந்த சிறிய உணர்திறன் வேறுபாட்டை மட்டுமே. 1942இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் வெளியிட்ட வரைபடம் அந்த வேறுபாட்டை ஊதிப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது. சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்தாலே போதும், படம் பொய்த்துவிடும்.

என் மனக்குறையில் பெரும்பகுதி மூச்சைப் பற்றியது. காற்று உள்ளே போவதால் நுரையீரல் விரிகிறது என்றே என் மாணவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். நடப்பது நேர்மாறு. தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலில் கிடையாது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடான உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது. அமைதியான மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். விலா எலும்புகள் மேலும் வெளியுமாக நகர்கின்றன. மார்புக்கூட்டில் இடம் கூடுகிறது, அதன் சுவரோடு சேர்ந்து நுரையீரலும் இழுபட்டு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. எவ்வளவு தெரியுமா? வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், உள்ளே குறைவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். சிரிஞ்சின் தண்டை இழுத்ததும் மருந்து ஏறுவதுபோல, அந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கே அரை லிட்டர் காற்று உள்ளே வந்துவிடுகிறது. வெளியே விடும்போது அந்தச் சிரமமும் இல்லை. உதரவிதானம் தளர்ந்தால் போதும், விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும்.

மணி வடிவக் கண்ணாடிச் சாடிக்குள் நுரையீரலுக்குப் பதிலாகப் பலூன்களைத் தொங்கவிட்டு, உதரவிதானத்துக்குப் பதிலாக அடியிலுள்ள ரப்பர் தாளை இழுக்கும் படத்தை நீங்களே போடுகிறீர்கள். அருமையான படம். அதன் கீழுள்ள பத்தி அழுத்தம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. (தேர்வில் அந்தப் படத்துக்கும் பாகங்களைக் குறிக்கச் சொல்கிறீர்கள்: சாடி, பலூன், ரப்பர்.) மார்பில் குத்துப்பட்டவருக்கு, நுரையீரலில் ஓட்டையே விழாவிட்டாலும் அது ஏன் சுருங்கிப்போகிறது என்று கேட்டால் மாணவர்கள் விழிப்பதற்குக் காரணம் அந்தப் பத்திதான். சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே காற்று புகுந்ததும் இழுத்துப் பிடித்திருந்த பிடி விட்டுப்போகிறது. அழுத்தத்தைப் புரிந்துகொண்டவருக்கு இது ஒரு வரி விடை.

ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறோம் என்பதும் அரைகுறை. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே வரும் காற்றில் இன்னும் ஏறக்குறைய 16 சதவீதம் இருக்கிறது. இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சு யாரைக் காப்பாற்றும்?

செய்முறைக்கு ஆய்வகம் இல்லை என்ற சமாதானம் எடுபடாது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்தம் சுற்றி வருகிறது என்று எழுதியபோது காட்டிய சான்றுகளில் ஒன்றுக்கு வேண்டியது ஒரு கையும் ஒரு துணியும்தான். முழங்கைக்கு மேல் துணியை மிதமாகக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். அவற்றில் அங்கங்கே தெரியும் சிறு முடிச்சுகள் வால்வுகள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டி நீவ வேண்டும். நீவிய விரலை எடுத்த பிறகும் அந்தத் துண்டு வெறுமையாகவே கிடக்கும். மேலே நிற்கும் இரத்தம் வால்வைத் தாண்டித் திரும்பாது. மணிக்கட்டுப் பக்க விரலை எடுத்த நொடியில் கீழிருந்து குபுக்கென நிரம்பும். இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்கு அதன்பின் மனப்பாடம் எதற்கு? துணியை உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

அடுத்த பதிப்பில் பக்கங்களைக் கூட்டச் சொல்லவில்லை. வினாக்களை மாற்றினாலே நூல் மாறிவிடும். 'சிறுநீரகத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன, வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. மீதி எங்கே போயிற்று?' விடைக்குறிப்பில் 'மீள உறிஞ்சப்பட்டது' என்ற இரண்டு சொல்லுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டாம். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானில் எந்த இடத்தில், எதனால் என்று எழுதியவருக்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்