உயிருள்ள கோபிபாட் பாட்டில்கள் செத்த நிலையில் வந்து சேர்வது குறித்த புகார்

அனுப்புநர்: மாதச் சந்தா வாடிக்கையாளர், களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கொச்சி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் உதவி எண், வாட்ஸ்அப், மின்னஞ்சல், கூரியர் அலுவலகம் என எல்லா வாசல்களையும் தட்டிப் பார்த்து, எங்கும் பொறுப்பான பதில் கிடைக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். உங்களிடம் வாங்கிய, கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மாண்டரின் என்ற சிறு அலங்கார மீனுக்கு இரையாக நீங்களே பரிந்துரைத்த சந்தாவின்படி, கோபிபாட் எனப்படும் மிகச் சிறிய ஓட்டுயிரிகளில் டிஸ்பி, டைக்ரியோபஸ் என்ற இரு வகைகளும் கலந்த பாட்டில் மாதம் இருமுறை எனக்கு வர வேண்டும். அண்மையில் வந்த பாட்டில்களில் அசையும் உயிர் ஒன்றுகூட இல்லை. மூடியைத் திறந்ததுமே அழுகல் நாற்றம் அடிக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் பழுப்பு வண்டல் மட்டுமே தெரிகிறது.

இந்த மீனின் குணத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கு எரியும் நேரமெல்லாம் பாறையைக் கொத்திக்கொண்டே திரியும் மீன் அது. உயிரோடு நகராத இரையைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது. என் தொட்டிப் பாறைகளில் இருந்த கோபிபாட் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மீனின் வயிறு ஒட்டி, தலைக்குப் பின்புறம் சதை வற்றிவிட்டது.

இந்த நிலைமையைத் தொலைபேசியில் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது, உங்கள் ஊழியர் ஒருவர், "ஒரு மீனுக்கு இவ்வளவு பாடா? சாப்பிடவில்லையென்றால் நீங்கள் வறுத்துச் சாப்பிட்டுவிடுங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய மரியாதைக் குறைவை ஒரு பக்கம் வையுங்கள். மாண்டரினின் தோலைப் போர்த்திருக்கும் கோழை நாற்றமும் நச்சும் உடையது என்பதுகூடத் தெரியாத ஒருவரை அந்த மீனை விற்கும் நிறுவனம் தொலைபேசி முன் உட்கார வைத்திருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் பெயரைக் கேட்டேன், அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பார்சல் விவகாரத்துக்கு வருகிறேன். கொச்சியிலிருந்து கிளம்பும் பெட்டி திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் எங்கள் ஊருக்கு வரவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உள்ள பாறசாலை எனக்கு அடுத்த ஊர். ஆனால் அங்குள்ள கூரியர் அலுவலகத்தில் கேட்டால், முகவரி தமிழ்நாடு என்பதால் நாகர்கோவிலில்தான் கிடைக்கும் என்கிறார்கள். என் வீட்டுத் தெருமுனையைக் கடந்தே நாகர்கோவில் சென்ற அந்தப் பெட்டியைத் தேடி, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பேருந்தில் இடிபட்டு அங்கே போய் நின்றால், அது கேரளக் கிளையின் சரக்கு என்று அன்று காலையிலேயே பாறசாலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். காற்றுப் புகாத பாட்டிலுக்குள், வெயிலில் கொதிக்கும் வண்டியில், அந்தச் சிறு உயிர்கள் இரு மாநிலங்களுக்கு இடையே பந்தாடப்பட்டுச் செத்திருக்கின்றன. உங்களுடைய 'உயிரோடு வந்து சேரும்' உத்தரவாதமோ, பெட்டி வந்த இரண்டு மணி நேரத்துக்குள் படம் அனுப்பினால்தான் செல்லும் என்கிறது. வந்தது எந்த ஊருக்கு என்று கணக்கிடுவீர்கள்?

இழப்பீடு என்று ஒரு ஆர்ட்டீமியா (மீன் இரைக்காகப் பொரிக்கும் உப்புநீர்ச் சிற்றுயிர்) முட்டை டப்பாவை அனுப்பினீர்களே, அதையும் சொல்லியாக வேண்டும். 28 டிகிரி வெப்பம், அடியிலிருந்து விடாமல் காற்று, மேலே விளக்கு என எல்லாம் கொடுத்தும், 24 மணி நேரத்தில் பொரிய வேண்டியவை மறுநாள் மாலைவரை பழுப்பாக மிதந்தன. பொரிந்திருந்தாலும் அது கோபிபாட்டுக்கு ஈடாகாது என்பது உங்களுக்கே தெரியும். குஞ்சு தன் மஞ்சள் கருவைச் செலவழித்துவிட்டால் சத்தும் போய்விடுகிறது, அதனால் நாள்தோறும் புதிதாகப் பொரிக்க வேண்டும். முதல் பாட்டில் செத்து வந்தபோதே பணத்தைத் திருப்பித் தந்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

ஒரு பாட்டிலின் விலை சில நூறு ரூபாய்தானே என்று நீங்கள் எண்ணலாம். செத்ததை அறியாமல் ஊற்றிய முதல் பாட்டிலால் நீர் கெட்டது, பவளம் வெளுத்தது, தொட்டியே பாழானது, வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போனது. இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டாலும் தகும்.

இருப்பினும், உங்கள் நிறுவனத்தின்மேல் இன்னும் நம்பிக்கை வைத்தே பணிவுடன் கேட்கிறேன்: செத்து வந்த பாட்டில்களின் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள், அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு பெற்றுத் தாருங்கள், அடுத்த பாட்டிலைப் பாறசாலை அலுவலகத்திலேயே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், நானே நடந்துபோய் வாங்கிக்கொள்கிறேன். ஒரு வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது அதற்குத் தடையில்லை.

பாட்டில்களின் படங்களையும் கூரியர் ரசீதுகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தா வாடிக்கையாளர்