குடியிருப்போர் நலச் சங்கம், சத்துவாச்சாரி: 2024–25 ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் கோலப்போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கோலப்போட்டிப் பரிசால் வந்த மனத்தாங்கல் பேசித் தீர்க்கப்பட்டது.

ஆகஸ்டில் நான் ஏற்பாடு செய்த கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடற்கரையில் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) இறக்குமதி முனையம் கட்ட அனுமதி கேட்டால், சுற்றுச்சூழல் ஆய்வு எப்படி நடக்கிறது என்பதுதான் பேசுபொருள். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், செயலாளருக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் கேட்டது என் காதிலும் விழுந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கு நம் வேலூரிலிருந்துதான் போனது. அதில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம் என்றது. நம் கிணற்றுத் தண்ணீர் கெட்ட பிறகு வந்த தீர்ப்பு அது. கட்டுவதற்கு முன்பே கேள்வி கேட்க வழி உண்டா என்று நாம் பார்க்காமல் யார் பார்ப்பது?

எண்ணூரில் 2019 முதல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் இப்படியொரு முனையம் இருக்கிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் எரிவாயு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலில் வரும். அதை மறுபடி வாயுவாக்கக் கடல்நீரின் சூட்டைப் பயன்படுத்தினால், குளிர்ந்த நீர் கடலுக்கே திரும்பும். அதனால் மீனுக்கு என்ன ஆகும், கசிந்தால் தரையோடு படரும் குளிர்ப்புகை எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் ஆய்வு சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் சுருக்கம் எல்லாம் உண்டு.

நாற்பது நாற்காலி போட்டோம். மைக்செட் தம்பி இருவரையும் சேர்த்து ஒன்பது பேர். வந்த கேள்வி ஒன்றே ஒன்று: "சிலிண்டர் விலை குறையுமா சார்?" அப்புறம் சுண்டல் மிஞ்சியது. அரசின் கருத்துக் கேட்பைத் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரம் தேவையில்லை என்று அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. நம் பொதுக்குழுவுக்குத் தேவை. இரண்டு முறை ஒத்திவைத்த பிறகுதான் இன்று கூடியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. ஆகஸ்ட் கூட்டம்தான் காரணம் என்பது சரியல்ல. நாற்காலி வாடகை 320 ரூபாய்தான். 62 வீடுகளில் 23 வீட்டுச் சந்தா பாக்கி, அதுதான் காரணம். போய்க் கேட்டால் "அவர் ஊரில் இல்லை" என்கிறார்கள். உள்ளிருந்து அவர் இருமுவது கேட்கிறது. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் ஐயா கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

தலைவர், பொருளாளர், கோலப்போட்டி நடுவராக இருந்த அக்கா, துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு நான் தொடர்வதாக இல்லை. வேறு யாரும் முன்வராவிட்டால் அது வேறு விஷயம். சங்க அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பொறுப்பேற்க விரும்புபவர் மாலை ஆறுக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம், வரும்போது சந்தாவையும் எடுத்து வரவும்.

செயலாளர்