திரைப்பாதை மாற்றங்களைத் தொடரும் வேலை: உறுப்பினர் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. ஏஎம்டி கிராபிக்ஸ் சிப்களை லினக்ஸில் இயக்கும் ஏஎம்டிஜிபியு ட்ரைவரின் திரைப்பகுதியில் வரும் மாற்றங்களை இனி ஒழுங்காகப் பார்த்து வருவோம். லினக்ஸ் 4.15 இல் சேர்ந்த 'டிஸ்ப்ளே கோர்' என்ற, திரையைக் கையாளும் நிரற்பகுதிதான் எங்கள் இலக்கு. லினக்ஸின் மையமான கேர்னலின் முழு மாற்ற வரலாற்றையும் ஒருவராலும் வாசிக்க முடியாது. மாற்றங்களைப் பட்டியலிடும் 'கிட் லாக்' கட்டளையை ஏஎம்டி கோப்புறைக்குள் உள்ள 'டிஸ்ப்ளே'க்கு மட்டும் ஓடவிட்டால் போதும்.

வாசிக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: இந்த மாற்றம் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது? படம் பிளேன் எனும் பட அடுக்கில் ஏறுகிறது. சிஆர்டிசி எனும் கட்டம் பிளேன்களை ஒன்றாக்கி நேரக்கணக்கோடு அனுப்புகிறது. என்கோடர் அதை எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையாக்க, கனெக்டர் வழியே திரைக்குப் போகிறது. அட்டோமிக் முறையில் இவ்வளவும் முதலில் சரிபார்க்கப்பட்டு, பிறகே ஒருமிக்க மாற்றப்படும். அந்தச் சரிபார்ப்பைத் தொடும் கொமிட்டுகளை (கிட்டில் பதிவான மாற்றங்களை) இருமுறை வாசியுங்கள். நேற்றுவரை வேலை செய்த ரெசல்யூஷன் இன்று மறுக்கப்பட்டால், முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

புதிய பதிப்பு வந்ததும் இரண்டு கிழமை இணைப்புக் காலம்; மாற்றங்கள் குவிவது அப்போதுதான். அது முடிந்து முதல் ஆர்சி (சோதனைப் பதிப்பு) வந்தவுடன் திருகோணமலையின் உவர்மலை, உப்புவெளிப் பக்கம் ஏஎம்டி மடிக்கணினி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து போட்டுப் பாருங்கள். திரை கறுத்தால் கிட் பைசெக்ட் செய்து (பழுதைக் கொண்டுவந்த கொமிட்டைப் பாதிபாதியாகத் தேடி), கொமிட் எண்ணையும் கேர்னல் பதிவையும் (லாக்) இங்கே இடுங்கள். திரையின் படம் மட்டும் போதாது.